எஸ்தெலிட்டா வீட்டு ஒழுங்கை

அன்று காலை அந்த வீட்டில் இருந்தவர்கள் இவர்கள்: இரவுப் பணி முடித்து அப்போதுதான் திரும்பி, நீலச் சீருடையைக்கூடக் களையாமல் அடுப்படியில் நின்ற தாதி எஸ்தெலிட்டா, நடைவழியின் கடைசியில், இடப்பக்க அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்த அவளுடைய மகன் ரொடெல், அதற்கு நேரெதிர் அறையில் அதேபோலக் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்த மகள் அனலின், இரத்த அழுத்தம் பார்த்துக்கொள்வதற்காக எதிர்வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் சம்பலோடு வந்திருந்த யோகாம்பிகை, மனைவியைத் தனியே விட்டால் மருந்துக் குளிசைகளின் பெயரை மாற்றிச் சொல்லிவிடுவாள் என்ற அவநம்பிக்கையில் பின்னாலேயே வந்த அவளுடைய கணவர் குணரத்தினம், புகையறிவிப்பான் வேலை செய்கிறதா என்று பார்க்க ஏணியோடு வந்து நின்ற கட்டடப் பராமரிப்பாளர் பெர்சோட். ஆறு பேர். தாமும் அன்று அங்கே இருந்ததாகப் பின்னாளில் சொல்லிக்கொண்டவர்கள் ஸ்கார்பரோவின் அந்தத் தொடர்மாடியில் ஏராளம்; அவர்களை நம்ப வேண்டியதில்லை.

வீடெங்கும் வெள்ளுள்ளிச் சோற்று வாசமும் பொரித்த கருவாட்டு வாசமும் நிறைந்திருந்தன. அந்தக் கட்டடத்தில் கருவாட்டு மணத்துக்கு முகம் சுளிக்காதவர்கள் பிலிப்பினோக்களும் தமிழர்களும்தான். இரண்டு வீட்டுக்கும் இடையிலான நட்பு அங்கேதான் தொடங்கியது. எஸ்தெலிட்டா பிள்ளைகளைக் கூப்பிட்டாள், மறுபடியும் கூப்பிட்டாள், பதில் இல்லை. துவாயில் கையைத் துடைத்துக்கொண்டு நடைவழிக்குள் போனாள். அந்த நடைவழி நீளமானது என்று அதுவரை யாரும் சொன்னதில்லை: ஒரு பக்கம் குளியலறை, மறுபக்கம் துணி அலுமாரி, அவற்றைத் தாண்டியதும் எதிரும் புதிருமாக இரண்டு கதவுகள், அவ்வளவுதான். குளியலறையைத் தாண்டினாள், அலுமாரியைத் தாண்டினாள், அதற்குப் பிறகும் நடந்தாள். சுவர் தொடர்ந்தது, முழங்கை உயரத்தில் இருந்த பழைய கறுப்புத் தேய்வும் அப்படியே தொடர்ந்தது, சாம்பல் நிறக் கம்பளமும் தொடர்ந்தது, கதவுகள் கண்ணுக்குத் தெரிந்தன, ஆனால் கிட்ட வரவில்லை. மருத்துவமனை நடைகளில் போகும்போது மனத்துக்குள் செபம் சொல்வது அவள் வழக்கமாதலால் வாய் தானாகவே தொடங்கிவிட்டது. செபமாலையில் ஒரு பத்து முடிந்த பிறகே அவளுடைய விரல்கள் மகனின் கதவில் பட்டன.

"சாப்பாடு," என்றாள்.

"பசியில்லை," என்றது கதவு.

திரும்பியவள், என்றும்போல் நாலைந்து எட்டில் அடுப்பிருந்த குசினிக்கு வந்துவிட்டாள். அங்கே மூன்று பேரும் நடைவழியின் வாயில் நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நீர் போகப் போகச் சின்னனாப் போனீர், பிள்ளை," என்றாள் யோகாம்பிகை. "பேந்து திடீரெண்டு பெரிசா வந்து நிக்கிறீர்."

"போறதுக்குத்தான் தூரம். வாறதுக்கு இல்லை," என்றார் குணரத்தினம், பஸ் வழித்தடம் ஒன்றை விளக்குகிறவரைப்போல.

பெர்சோட் அரையில் தொங்கிய அளவு நாடாவை எடுத்து, நுனியைக் குணரத்தினத்திடம் கொடுத்துவிட்டு உள்ளே போனான். நாடா முடிந்தது. அவன் நாடாவின் கடைசி அங்குலத்தைப் பிடித்தபடி, இன்னும் எட்டாமல் இருந்த கதவுகளைச் சிறிது நேரம் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான். குளிரில் கொங்கிறீற்று இப்படி ஏதாவது செய்யும் என்றும், கயானாவில் தன் தாயாரின் வீடு வருடத்துக்கு ஒருமுறை ஆற்றின் பக்கம் நகர்ந்ததென்றும், அதற்காக யாரும் வீட்டைவிட்டுப் போகவில்லை என்றும் சொன்னான். பிறகு ஏணியில் ஏறிப் புகையறிவிப்பானைச் சோதித்தான். அது நன்றாகவே வேலை செய்தது.

நடைவழியைப் பற்றி எஸ்தெலிட்டா எவரிடமும் எதுவும் சொல்லவில்லை. யோகாம்பிகையின் கையில் பட்டியைச் சுற்றி, காற்றடித்து, அழுத்தம் சற்றுக் கூடுதல் என்றும் உப்பைக் குறையுங்கோ என்றும் சொன்னாள். அவளுக்குத் தமிழ் தெரியும். இந்த நாட்டுக்கு வந்த புதிதில், பாரிசவாதத்தில் ஒரு பக்கம் செயலிழந்து விழுந்த ஓர் ஓய்வுபெற்ற தபாலதிபரின் வீட்டில் தங்கி அவரைப் பராமரித்தாள். அந்த வீட்டில் எல்லோரும் அவரோடு பேசிய பேச்சிலிருந்தே மொழியைப் பிடித்துக்கொண்டாள். அதனால் மரியாதைப் பேச்சைத் தவிர வேறு தமிழ் அவளுக்கு வராது. சிறு குழந்தைக்கும் இருங்கோ என்பாள், பூனைக்கும் போங்கோ என்பாள். தன் பிள்ளைகளோடு மட்டும் தங்கள் ஊர்மொழியில் பேசுவாள்.

அவள் பேசாதிருந்ததற்குக் காரணம் முந்திய நாள் காலை கண்ட காட்சி. பஸ் தரிப்பிலிருந்து பனியில் நடந்து வந்தவள், கட்டடத்தின் பின்வாசலில் கறுத்த கண்ணாடி போட்ட வெள்ளைக் கார் ஒன்று நிற்பதையும், அதிலிருந்து ரொடெல் இறங்குவதையும், அவன் அணிந்திருந்த கறுப்பு மேலங்கி தான் வாங்கிக் கொடுத்ததல்ல என்பதையும் பார்த்தாள். பார்த்தவள் குப்பைத் தொட்டிகளுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றாள். மலம் கழிந்ததா, எங்கே வலிக்கிறது, எவ்வளவு குடித்தாய், யார் அடித்தது என்று முன்பின் அறியாதவர்களையெல்லாம் கூசாமல் கேட்கிறவள், தன் மகனிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும். சில மாதங்களுக்கு முன், அவசரப் பிரிவில் ஆள் குறைந்த ஒரு நாள் அவளை அங்கே அழைத்திருந்தார்கள். அன்று தள்ளுகட்டிலில் கொண்டுவரப்பட்ட பையனின் முகத்தைப் பார்க்குமுன் அவள் அவனுடைய சப்பாத்துகளைப் பார்த்தாள். ரொடெலுடையவற்றைப் போலவே வெள்ளை, அதேபோலச் சிவப்புக் கோடு. முகம் வேறொருத்தியின் மகனுடையது. அதற்காகக் கடவுளுக்கு நன்றி சொல்ல வாயெடுத்து, சொல்ல முடியாமல் நின்றாள். அன்றிலிருந்து அவளுக்கு எந்த நன்றியும் சரியாக வாயில் வரவில்லை. அன்றிலிருந்து தெருவில் போகும் எல்லாப் பையன்களையும் கால்களிலிருந்தே பார்க்கத் தொடங்கினாள்.

மகனுக்குப் பால்பற்கள் விழுமுன் ஊரைவிட்டுப் புறப்பட்டவள் அவள். அடுத்தமுறை அவனைத் தொட்டபோது அவனுக்கு மீசை அரும்பியிருந்தது. இடைப்பட்ட காலம் முழுவதும் பிள்ளைகள் சொந்த ஊரான இலோயிலோவில் அவளுடைய தமக்கையிடம் வளர்ந்தார்கள், அவள் பெட்டிகளை அனுப்பினாள். அவளுடைய ஊர்க்காரர் எல்லோரும் அனுப்புகிற, ஒரு பிள்ளை உள்ளே குந்தியிருக்கக்கூடிய பெரிய அட்டைப்பெட்டி. சவர்க்காரம், ரின்னில் அடைத்த இறைச்சி, சொக்கலேற், பிள்ளைகளின் காலளவை ஊகித்து வாங்கிய சப்பாத்துகள். கப்பல் போய்ச் சேர்வதற்குள் கால்கள் வளர்ந்துவிடும். விமான நிலையத்தில் இருவரும் அவளுடைய கையை எடுத்துத் தங்கள் நெற்றியில் ஒற்றினார்கள். விருந்துக்கு வரும் தூரத்து உறவினர்களுக்குப் பிள்ளைகள் செய்யும் மரியாதை அது. அவள் பதிலுக்கு அனலினின் கண்ணிமையை இழுத்து இரத்தசோகை இருக்கிறதா என்று பார்த்தாள்.

அதற்குப் பின்பு அவள் காத்திருந்தாள். அவளுடைய ஊரில் பிள்ளைகள் பெற்றோருக்கு வாழ்நாள் முழுவதும் நன்றியுடையவர்கள். அதைப் பேச்சில் எடுப்பதே இழுக்கு. ஆயினும் அவள் எடுத்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து தொலைபேசி வந்தபோது, தட்டில் சோறு மிஞ்சியபோது, அனலின் தன் தலைமயிரைத் தானே கன்னாபின்னாவென்று கத்தரித்துக்கொண்டு வந்து நின்றபோது, எல்லாம் உங்களுக்காகத்தான் என்று தொடங்கும் ஒரே வாக்கியத்தைச் சொன்னாள். பிள்ளைகள் அதை அவளோடு சேர்ந்து சத்தமில்லாமல் உதடசைத்துச் சொல்லப் பழகினார்கள்.

இனி அந்த நடைவழிக்கு என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும். அது தை மாதம். வெளியே முழங்காலளவு பனி. ஐம்பதைத் தாண்டிய எல்லோரையும் வைத்தியர்கள் நடக்கச் சொல்லியிருந்தார்கள். அவர்களும் இரண்டு பஸ் பிடித்துப் பேரங்காடிக்குப் போய், இன்னும் திறக்காத கடைகளின் முன்னால் சுற்றிச் சுற்றி நடந்துவிட்டு வருவார்கள். ஆறாம் மாடியில், கம்பளம் விரித்து, வெப்பமூட்டி, போவதற்கு நீளமும் வருவதற்குச் சுருக்கமுமான ஒரு பாதை இருக்கிறதென்று தெரிந்த பின்பு அவர்கள் வேறெங்கே போவார்கள். முதலில் யோகாம்பிகை தன் மூட்டுவலிக்காக நடந்தாள்; பிறகு எட்டாம் மாடிச் சர்க்கரை வியாதிக்காரர் இருவர்; பிறகு சத்திரசிகிச்சை செய்துகொண்ட ஒருவர்; பிறகு எல்லோரும். தமிழர்கள் அதற்கு, ஊர்ச் சந்துகளைச் சொல்வதுபோல, எஸ்தெலிட்டா வீட்டு ஒழுங்கை என்று பெயர் வைத்தார்கள். குணரத்தினம் விதிகளை வகுத்தார்: சப்பாத்து வாசலோடு, அந்தப் பிள்ளை இரவு வேலை செய்துவிட்டு வந்து வரவேற்பறைச் சோபாவில் நித்திரை கொள்கிறவள், அவள் எழும்பும்வரை ஒருவரும் வரக்கூடாது, மெல்லப் பேசத் தெரியாதவர்கள் படிக்கட்டில் ஏறி இறங்கட்டும். இடையிடையே இளைப்பாற மடக்குக் கதிரைகள் வைக்கப்பட்டன. தேத்தண்ணிப் போத்தல் வந்தது. போத்தலோடு, வாழைப்பழம் பிசைந்து பொரித்த வாய்ப்பன் வந்தது. வாய்ப்பன் வந்த பின்பு வைத்தியர்கள் சொன்ன நன்மையில் பாதி போயிற்று.

பங்குக்கோயிலின் பிலிப்பினோ செபக்கூட்டமும் வந்தது. அதன் தலைவி நெனித்தா, இது இறந்தவர்களின் ஆன்மாக்கள் பாவம் தீரக் காத்திருக்கும் உத்தரிக்கிற ஸ்தலத்தின் ஒரு கிளை என்று தீர்மானமாகச் சொல்லி, மாதா சொரூபத்தை ஏந்தி உரத்த குரலில் செபமாலை சொல்லியபடி நடந்தாள். குணரத்தினம் தமிழ் வானொலிச் செய்தியைக் காதில் வைத்தபடி நடந்தார். இரண்டு குரல்களும் ஒரே ஒழுங்கைக்குள் மோதின.

"அம்மா, மாதாவுக்குக் காது நல்லாக் கேக்கும்," என்றார் குணரத்தினம், எஸ்தெலிட்டாவிடம் மொழிபெயர்க்கச் சொல்லி. "கொஞ்சம் மெல்லச் சொல்லச் சொல்லும்."

"மாதாவுக்குக் கேக்கும். உங்கட வானொலிக்குள்ளால கேக்காதாம்," என்று நெனித்தாவின் பதிலைக் கொண்டுவந்தாள் எஸ்தெலிட்டா.

கடைசியில் செய்தி முடிந்த கையோடு மாதா புறப்படுவதென்று உடன்பாடாயிற்று.

பிள்ளைகளைப் பற்றி விசாரிக்கப் பள்ளிக்கூடத்திலிருந்து ஆலோசகர் ஒருத்தியும் வந்தாள்; பாதி வழியில் கால் வலித்துத் திரும்பி, குடும்பம் நன்றாக ஒத்துழைக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள். கண்ணூறு என்றார் ஒருவர். வீட்டின் வடகிழக்கு மூலை பிழை என்றார் மற்றவர். பிள்ளைகளிடம் எவரும் கேட்கவில்லை. கடைசிவரை நடந்துபோய் அந்தக் கதவுகளைத் தொட்டவர்களும் இல்லை. அவரவர் வேண்டிய அளவு நடந்து, வியர்த்ததும் திரும்பினார்கள், திரும்பிய உடனே குசினியில் நின்றார்கள், அந்தச் சுருக்கத்தில் ஒவ்வொரு முறையும் ஒரு சிறு சந்தோஷம் அடைந்தார்கள்.

எஸ்தெலிட்டா ஒருத்திதான் நாள்தோறும் கடைசிவரை நடந்தாள். ஒழுங்கை நாள்தோறும் நீண்டுகொண்டிருந்தது என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். செபமாலையின் ஒரு பத்தாக இருந்தது முழு மாலையாயிற்று. பிறகு ஒரு சேலைன் பை வடிந்து முடியும் நேரமாயிற்று. பிறகு அவள் சோற்றுத் தட்டை மூடி எடுத்துப்போனால் போய்ச் சேர்வதற்குள் ஆறிக் குளிர்ந்துவிடும் தூரமாயிற்று. மற்றவர்கள் வைத்த கதிரைகளெல்லாம் பின்தங்கிப்போக, அவற்றுக்கும் அப்பால், மின்விளக்கின் ஒளி மங்கும் பகுதியில் அவள் தனியாக நடந்தாள். அங்கே சுவரில் கை வைத்தால் குளிர்ந்தது. தொலைவில் கடல் இருப்பதுபோல ஓர் இரைச்சல் கேட்டது. நின்று கவனித்தால் அது தன் காதுக்குள் ஓடும் இரத்தம் என்று தாதியான அவளுக்குத் தெரிந்தது, தெரிந்தும் பயம் குறையவில்லை. ஒருநாள் கால் சோர்ந்துவிடும். ஒருநாள் போகும் வழியில் பணிக்கு நேரமாகித் திரும்ப வேண்டிவரும். அப்படித் திரும்புகிற அன்றைக்குத்தான் அந்த வெள்ளைக் கார் வரும். கதவுவரை போய்ச் சேர்ந்த நாள்களிலும் அவள் சாப்பாடு என்றாள், பள்ளிக்கூடம் என்றாள், காய்ச்சலா என்றாள். கதவு பசியில்லை என்றது, ஓம் என்றது, இல்லை என்றது.

யோகாம்பிகைக்கு இது பிடிக்கவில்லை.

"இவ்வளவு தூரம் நடந்துபோய் இதையோ கேக்கிறனீர்?"

"வேற என்ன கேக்கிறது, அக்கா?"

"எனக்குத் தெரியேல்லை. எங்கட மூத்தவனும் கதவைப் பூட்டிக்கொண்டு கிடந்தவன். எங்கட வீட்டில ஒழுங்கை நீளேல்லை. நாங்கள்தான் போய்ப் பாக்கேல்லை."

குணரத்தினம் வானொலியின் ஒலியைக் கூட்டினார். அவர்களுடைய மூத்தவன் இப்போது எங்கே என்று எஸ்தெலிட்டாவுக்குத் தெரியும், அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் பேசுவதில்லை.

அனலின்தான் முதலில் வெளியே வந்தாள். அவளுக்கு அது தூரமே இல்லை. கதவைத் திறந்து நாலைந்து எட்டு வைத்தால் குசினி. அப்படித்தான் அண்ணனும் தங்கையும் தாய் வேலைக்குப் போன பிறகு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. வாய்ப்பன் வாசத்துக்கு வந்தவளை யோகாம்பிகை பிடித்து இருத்தி, தேத்தண்ணி ஊற்றும் பொறுப்பைக் கொடுத்தாள்.

"ஏன் பிள்ளை, இந்த வெக்கைக்குள்ள கைநீளச் சட்டை?" என்று கேட்டாள், ஆங்கிலத்தில், எல்லோர் முன்னாலும். அனலின் சட்டைக் கையை விரல்வரை இழுத்துவிட்டாள். எஸ்தெலிட்டா கையிலிருந்த கோப்பையைத் தட்டில் வைத்தாள். கைநீளச் சட்டைகளுக்குள் பிள்ளைகள் எதை மறைப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும், தெரிந்துகொண்டே எத்தனையோ நாளாகப் பாராமல் இருந்தாள். அன்று பின்னேரம், எல்லோரும் போன பிறகு, மகளின் அருகில் இருந்து தன் சட்டைக் கையை முதலில் மடித்தாள். ஊசிகள் தவறிக் குத்திய தழும்பும் சுடுநீர்த் தழும்பும் தெரிந்தன. அனலின் நெடுநேரம் அவற்றைப் பார்த்தாள். பிறகு தன் கையையும் மடித்தாள். வெட்டுக் காயங்கள் ஆறியவையும் ஆறாதவையுமாக இருந்தன. எஸ்தெலிட்டா மருந்திட்டுக் கட்டினாள். எல்லாம் உங்களுக்காகத்தான் என்று தொடங்கும் வாக்கியம் நாக்குவரை வந்தது. அதை அவள் விழுங்கினாள்.

கையிலிருந்த கட்டைப் பார்த்தபடிதான் அனலின் சொன்னாள்: "சனிக்கிழமை காலமை அண்ணனைக் கூட்டிக்கொண்டு போக வருவினம். டெவன் எண்டு ஒருத்தன். இந்தமுறை போனா அவனும் அவையின்ர கூட்டத்தில ஒருத்தன். பிறகு விட்டிட்டு வரேலாதாம்."

"அவனே சொன்னவனோ?"

"கதவுக்குள்ளால கேட்டது. டெலிபோனில எல்லாத்தையும் திருப்பிச் சொல்லி ஓம் ஓம் எண்டான். பிறகு அழுதவன்."

சனிக்கிழமை காலை எஸ்தெலிட்டா பணியிலிருந்து ஓடி வந்தாள். யோகாம்பிகையும் குணரத்தினமும் நெனித்தாவும் குசினியில் இருந்தார்கள். அனலின் சொல்லி அழைத்திருந்தாள். எஸ்தெலிட்டா சீருடையோடு, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடியாமல், எவரோடும் பேசாமல் ஒழுங்கைக்குள் இறங்கினாள். அது அன்றுபோல் என்றும் நீண்டிருந்ததில்லை. கதிரைகள் போயின, விளக்கொளி போயிற்று, செபங்கள் தெரிந்தவையெல்லாம் முடிந்தன. பிறகு அவள் நோயாளிகளின் பெயர்களைச் சொன்னாள், அவையும் முடிந்தன. கட்டடம் எப்போதோ முடிந்திருக்க வேண்டிய இடத்துக்கு அப்பால், தெருவுக்கும் பூங்காவுக்கும் ஏரிக்கும் மேலாகத் தான் நடந்துகொண்டிருக்க வேண்டும் என்று நினைத்தாள். குதிக்கால் வெடித்துக் காலுறை நனைந்தது. கதவு ஒரு தீப்பெட்டியளவில் தெரிந்தது, ஒரு புத்தகமளவில் தெரிந்தது, பிறகு கதவாயிற்று. அதில் தட்டுவதற்கு விரல்களை மடக்க அவளால் முடியவில்லை. உள்ளங்கையை வைத்தாள்.

"உள்ள வரலாமோ?" என்று கேட்டாள். அதை அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

கதவு திறந்தது. ரொடெல் அந்தக் கறுப்பு மேலங்கியை அணிந்து நின்றான். தாயின் உதடுகள் வெடித்திருந்ததைப் பார்த்து, நிலத்தில் கிடந்த தண்ணீர்ப் போத்தலை எடுத்துக் கொடுத்தான். அவள் குடித்தாள்.

"நன்றி," என்றாள்.

அவன் சந்தேகத்தோடு பார்த்தான். "என்னத்துக்கு?"

"தண்ணிக்கு." கட்டிலின் ஓரத்தில் இருந்தாள். "கதவைத் திறந்ததுக்கு." அதோடு நிறுத்தத்தான் நினைத்தாள், நிற்கவில்லை. "அங்க இருக்கேக்க தங்கச்சிக்குத் தலை பின்ன நீ பழகினாய் எண்டு பெரியம்மா சொன்னவ. அவளைச் சைக்கிளில ஏத்திப் பள்ளிக்கூடம் கொண்டுபோனாய் எண்டு சொன்னவ. நான் அதுக்கு ஒண்டும் சொல்லேல்லை. பெட்டி அனுப்பினன்."

ரொடெல் ஜன்னலைப் பார்த்தான். "அவள் ஒவ்வொரு நாளும் அழுதவள்," என்றான். "பின்னி முடியிறவரைக்கும் அழுவாள்."

"நீ?"

"நான் பின்னிக்கொண்டெல்லோ இருந்தனான்."

அவள் போத்தலை மூடி நிலத்தில் வைத்தாள். பிறகு, குப்பைத் தொட்டிகளுக்குப் பின்னால் நின்ற காலையிலிருந்து கேளாமல் விட்டதைக் கேட்டாள்: "அந்த வெள்ளைக் காரில எங்க போறாய்?"

அவன் சொன்னான். முழுவதும் சொன்னான். எந்த நோயாளி எதைச் சொன்னாலும் மாறாத முகம் அவளுடையது, அது மாறியது. அவளுடைய தாடை நடுங்கியதை அவன் பார்த்தான். தாயின் முகத்தில் அப்படியொன்றை அவன் அதுவரை கண்டதில்லை.

"பயமோ, மா?"

"ஓம்."

"எனக்கும்," என்றான்.

அந்த நேரத்தில் குசினியில் நடந்தது என்னவென்று அவள் பிறகு கேட்டறிந்தாள். கதவு தட்டப்பட்டது, டெவன் வந்தான். இருபது வயதிருக்கும், மெலிந்தவன், அழகன். சப்பாத்துகளைக் கழற்றி வாசலில் நேராக வைத்தான். எல்லோருக்கும் காலை வணக்கம் சொன்னான். யோகாம்பிகையிடம், அன்ரி, முழங்கால் இப்போது எப்படி என்று விசாரித்தான். அவளை அவன் முன்பு பார்த்ததே இல்லை. யோகாம்பிகை அனலினைத் தன் கதிரையின் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ரொடெல் இருக்கிறானா?"

"இருக்கிறான், தம்பி," என்றார் குணரத்தினம். அவர் பொய் சொல்கிறவர் அல்ல. "நேர போம். கடைசியில இடப்பக்கம்."

டெவன் நன்றி சொல்லிவிட்டு ஒழுங்கைக்குள் போனான். அவர்கள் மூன்று பேரும் அனலினும் அவன் சிறுத்துக்கொண்டு போவதைப் பார்த்தார்கள்.

அறையில் இருந்தவர்களுக்கு அவனுடைய குரல் கேட்டது. ரொடெல், நேரமாகிறது, வா. கிட்டவும் இல்லாத, எட்டவும் இல்லாத குரல். மறுபடியும் கேட்டது, இம்முறை சற்று மூச்சு வாங்கியது. ரொடெல் எழுந்தான். எஸ்தெலிட்டா அவனைப் பிடிக்கவில்லை. தன் கைகள் தாமாக நீண்டுவிடுமோ என்று பயந்து அவற்றை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு அவன் பின்னே நடந்தாள். நாலைந்து எட்டுத்தான். வழியில் டெவன் இல்லை, ஒருவரும் இல்லை, போகிற ஒழுங்கையும் வருகிற ஒழுங்கையும் ஒன்றல்ல என்று குணரத்தினம் ஆரம்பத்திலிருந்தே சொல்லிவந்தார், அதை யாரும் காதில் போட்டுக்கொண்டதில்லை.

நடைவழி முடிகிற இடத்தில் இடது கைப்பக்கம் வாசற்கதவு; வலது கைப்பக்கம் குசினி மேசை. ரொடெல் அங்கே நின்றான். கீழே கார் ஒருமுறை ஹோர்ன் அடித்தது. அவனுடைய கழுத்தின் பின்புறத்தில், மயிர் தொடங்குகிற இடத்தில், பிறந்தபோதே இருந்த மச்சம் ஒன்று அவளுக்குத் தெரிந்தது. அதை அவள் எவ்வளவு காலமாக மறந்திருந்தாள். தன் வாழ்நாளில் எந்த மரணப் படுக்கையின் அருகிலும் நின்றிராத அளவு நீளமான நேரம் அவள் அங்கே நின்றாள். மேசையில் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அனலின் மட்டும் ஒரு கோப்பையை எடுத்து, கேளாமலேயே தேத்தண்ணியை ஊற்றி, வெறுமையாக இருந்த கதிரையின் முன்னால் வைத்தாள்.

ரொடெல் வலப்பக்கம் திரும்பி, போய் இருந்தான்.

"சோறு ஆறிப்போச்சு," என்றாள் யோகாம்பிகை. "இரும், சூடாக்கிறன்."

எஸ்தெலிட்டா மகனுக்குப் பக்கத்தில் இருந்தாள். சோறு வந்தது. நெனித்தா வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தாள். ஒழுங்கையின் உள்ளிருந்து வந்த குரல் சிறிது நேரம் கூப்பிட்டது, பிறகு கூப்பிடுவதை விட்டது, பிறகு ஏசியது, அதன் பிறகு வெறும் மூச்சு மட்டும் கேட்டது, மூச்சும் நின்றது. ரொடெல் கரண்டியை எடுத்தான், வைத்தான், எடுத்தான்.

அவர்கள் முதல் வாய் உண்டு முடிப்பதற்குள் டெவன் நடைவழியின் வாயில் நின்றான். தலைமயிர் வியர்வையில் நெற்றியோடு ஒட்டியிருந்தது, உதடுகள் வெளுத்திருந்தன, கையில் அணைந்துபோன தொலைபேசி இருந்தது. உள்ளே போனபோது இருந்ததைவிட மிகவும் சின்னப் பையனாகத் தெரிந்தான். அவன் ரொடெலைப் பார்த்தான். ரொடெலும் அவனைப் பார்த்தான், எழவில்லை. பிறகு அவன் மேசையைச் சுற்றியிருந்த ஒவ்வொரு முகமாகப் பார்த்து எஸ்தெலிட்டாவிடம் வந்து நின்றான்.

அவள் பயந்திருந்தாள், அவனுடைய கைகள் சட்டைப்பையை நோக்கிப் போகின்றனவா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் அவளுடைய ஊரில் தட்டு வைத்த பின்பு வாசலில் நிற்பவன் எவனாயினும் சாப்பிடக் கூப்பிட வேண்டும், கூப்பிடாதவளை மனிசியாக மதிக்க மாட்டார்கள்.

"வா, சாப்பிடு," என்றாள், ஆங்கிலத்தில்.

அனலின் இன்னொரு கதிரையை இழுத்தாள்.

டெவன் அந்தக் கதிரையைப் பார்த்தான், ஆவி பறக்கும் சோற்றைப் பார்த்தான், ஆட்களைப் பார்த்ததைவிடக் கூடுதல் நேரம் பார்த்தான். கீழே கார் விடாமல் ஹோர்ன் அடிக்கத் தொடங்கியது. அவன் வாசலில் குனிந்து, நேராக வைத்திருந்த சப்பாத்துகளைப் போடாமல் கையில் எடுத்துக்கொண்டு, ஒரு சொல்லும் பேசாமல் வெளியே நடந்தான்.